சிறுநீரகக் கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் ஒரு நோய்க்கூறியல் ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருக்கிறேன். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி ஸ்லைடாக்குவது என் வேலை. அதைப் பார்த்து முடிவு எழுதுவது டாக்டர். ஆனால் ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறவர்கள் மடக்கிக் கேட்பது என்னைத்தான். போன மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், வீட்டுக்காரம்மாவின் ரிப்போர்ட்டைக் காட்டி, "தம்பி, இதுல கிளியர்னு போட்டிருக்கே, எல்லாம் கிளியர் ஆயிட்டுன்னுதானே அர்த்தம்?" என்றார். அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் எழுதுகிறேன்.

படி 1: எந்த ரிப்போர்ட் என்று பாருங்கள்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பயாப்சி ரிப்போர்ட் என்றுதான் பெயர். ஊசியால் எடுத்த துணுக்கா, கட்டி முழுவதுமா என்று முதல் வரியில் இருக்கும். கீழே சொல்வது அத்தனையும் சிறுநீரகத்தையோ கட்டியையோ வெட்டி எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டுக்கு. ஊசித் துணுக்கில் இதில் பாதிதான் தெரியும்.

படி 2: கட்டியின் வகை

சிறுநீரகப் புற்றில் 10-க்கு ஏழு பேருக்கு மேல் வருவது 'கிளியர் செல்' வகை. இந்த செல்களுக்குள் கொழுப்பும், கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் நிறைய இருக்கும். நாங்கள் சதையைப் பக்குவப்படுத்தும்போது அவை கரைந்துபோய்விடுவதால், நுண்ணோக்கியில் செல் வெறும் கூடாக, வெள்ளையாகத் தெரிகிறது. 'கிளியர்' என்பது அந்த வெறுமை, அவ்வளவுதான். நோய் தீர்ந்தது என்ற பொருளே இல்லை. (கட்டியைக் குறுக்கே வெட்டினால் மஞ்சளாக இருக்கும். அதுவும் அந்தக் கொழுப்பால்தான்.)

அடுத்தது 'பாப்பிலரி', விரல் விரலாகக் கிளைத்து வளரும். முன்பு இதை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அந்தப் பிரிவை விட்டுவிட்டது. மூன்றாவது 'குரோமோபோப்': செடியின் செல்லைப் போல ஓரம் தடித்து, உட்கரு உலர்திராட்சை மாதிரி சுருங்கியிருக்கும். 'ஆன்கோசைட்டோமா' என்று எழுதியிருந்தால் அது புற்றே இல்லை, சாதாரணக் கட்டி.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் முடிந்து 5 ஆண்டுகள் வரை இந்த நோயால் இறக்காதவர்கள் கிளியர் செல்லில் சுமார் 69 சதவீதம், பாப்பிலரியிலும் குரோமோபோபிலும் சுமார் 87 சதவீதம். ஆக கிளியர் செல் கொஞ்சம் முரடு. ஆனால் உடம்பில் பரவிவிட்டால் கணக்கு மாறுகிறது. கிளியர் செல்லில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது வி.ஹெச்.எல். என்ற மரபணு. அது கெட்டால் கட்டி புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். அந்தக் குழாய்கள் வளரவிடாமல் தடுக்கும் சுனிடினிப் போன்ற மாத்திரைகள் 2005 கடைசியிலிருந்து வரத் தொடங்கின. அவை நன்றாகப் பிடிப்பது கிளியர் செல்லில்தான், பரவிய பாப்பிலரியில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் வகையின் பெயரை வைத்தே நல்லது, கெட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்கிறேன்.

படி 3: கிரேடு

1 முதல் 4 வரை. செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் 'நியூக்ளியோலஸ்' என்ற புள்ளி எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்பதுதான் அளவுகோல். ஆனித் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் தேர் ரத வீதி முனையிலிருந்தே தெரியும், சண்டிகேஸ்வரர் தேரைப் பார்க்கக் கிட்டப் போக வேண்டும். 400 மடங்கு பெருக்கியும் புள்ளி சரியாகத் தெரியாவிட்டால் கிரேடு 1. 400-ல் நன்றாகத் தெரிந்தால் 2. நூறு மடங்கிலேயே பளிச்சென்று தெரிந்தால் 3. செல்கள் கோணல்மாணலாக, பூதாகாரமாக இருந்தால் 4. குரோமோபோப் வகைக்கு இந்தக் கிரேடு போடுவதில்லை. விட்டுப்போச்சு என்று நினைத்து லேபுக்கு அலைய வேண்டாம்.

படி 4: இரண்டு சொற்கள்

'சார்கோமட்டாய்டு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இது தனி வகை இல்லை, எந்த வகையிலும் தோன்றலாம். தோன்றினால் கிரேடு 4, நோய் வேகமாகப் போகும். ஆனால் இப்போதுள்ள இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) இதில் நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொன்று 'நெக்ரோசிஸ்', கட்டிக்குள் செத்துப்போன திசு. கிளியர் செல்லில் அது இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடும்.

படி 5: பி.டி. (pT) எண்

கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இது சொல்லும். சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்து 4 செ.மீ. வரை என்றால் 1ஏ, 7 செ.மீ. வரை 1பி, அதற்கு மேல் 2. சிறுநீரக ரத்தக் குழாயிலோ சுற்றியுள்ள கொழுப்பிலோ நுழைந்திருந்தால் 3. சுற்றியுள்ள உறையையும் தாண்டியிருந்தால் 4. என்னைக் கேட்டால், ஐந்து படியில் அதிகக் கனம் இதற்குத்தான். கிளியர் செல்லுக்கு, இந்த எண், நிணநீர்க் கணு, கட்டியின் அளவு, கிரேடு, நெக்ரோசிஸ் ஐந்தையும் கூட்டி மதிப்பெண் போடும் லெய்போவிச் முறை 2003-லிருந்து இருக்கிறது. எங்களுக்கு எத்தனை மதிப்பெண் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அந்தப் பெரியவர் கையிலிருந்த தாளில் கிளியர் செல், கிரேடு 2, நெக்ரோசிஸ் இல்லை, 1ஏ என்று இருந்தது. "கிளியர்னா நீங்க நினைச்சது இல்ல அண்ணாச்சி, ஆனா மத்த வரியெல்லாம் நல்லா இருக்கு" என்றேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்கேன் எப்போது என்று டாக்டரிடம் கேட்க மறுபடி உள்ளே போனார்.