முன்னாள் படைவீரர்களோடு தூண்டில் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போரில் கை கால் இழந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், பார்வை போனவர்கள் எனப் பலரையும் மீன்பிடிக்க அழைத்துப் போகும் குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் 'ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' அவற்றில் ஒன்று. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற வீரர்களுக்காக 2005இல் தொடங்கியது. அவர்கள் எடுத்த எடுப்பில் ஆற்றுக்குக் கூட்டிப் போய்விடவில்லை. மீனுக்கு இரைபோலத் தெரியும் செயற்கை ஈயை முள்ளில் கட்டவும் தூண்டில் வீசவும் மருத்துவமனையிலேயே பழக்கினார்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: புதிதாகப் பொருத்திய செயற்கைக் கையோடு முதல் வீச்சையே ஆடும் படகில் வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது, முன்கூட்டியே பேசாமல் இருப்பது. "சக்கர நாற்காலியா? சரி, வாங்க" என்று முடித்துவிடக் கூடாது. தானாகவே படகு இருக்கைக்கு மாறுவாரா, எந்தக் கை பலமானது, உடம்பில் எங்கே உணர்ச்சி இல்லை, கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு என்று எல்லாவற்றையும் அவரிடமே கேளுங்கள், கூட வருபவரிடம் அல்ல. மோட்டார் நாற்காலி மட்டுமே 100 கிலோவைத் தாண்டலாம். படகு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்க வேண்டும். மிதக்கும் துறையில் நீர்மட்டம் இறங்க இறங்கச் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகும். போகும்போது எளிதாக இருந்த வழி திரும்பும்போது ஆளைத் தள்ளிவிடப் பார்க்கும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு ஒன்று உண்டு. பாதுகாப்பு என்று நினைத்து, ஆளை நாற்காலியோடு பெல்ட் போட்டுப் பூட்டிவிடுவது. படகு கவிழ்ந்தால் நாற்காலி அவரையும் இழுத்துக்கொண்டு மூழ்கும். நாற்காலியைப் படகோடு இறுக்குங்கள். உடம்பு சாயாமலிருக்கப் பட்டை வேண்டுமென்றால், ஒரே இழுப்பில் கழலும் பட்டையாக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் அவர் முகத்தைத் தண்ணீருக்கு மேலே நிறுத்துகிறதா என்று ஆழமில்லாத இடத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். செயற்கைக் கால் போட்டிருப்பவருக்கும் இது அவசியம். சில கால்கள் மிதந்து, தலையைக் கீழே தள்ளிவிடும்.

வெயிலை லேசாக நினைக்காதீர்கள். தண்டுவடத்தின் மேல்பகுதியில் காயம் என்றால், அதற்குக் கீழே சரியாக வியர்க்காது. உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். நிழல், தண்ணீர், ஈரத்துணி மூன்றும் கையில் இருக்கட்டும். உணர்ச்சியில்லாத தொடை காய்ந்த அலுமினியப் பலகையில் பட்டுப் பொசுங்கினாலும், தூண்டில் முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. அவ்வப்போது கண்ணால் பார்ப்பதுதான் வழி. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பை அசைத்து அழுத்தத்தை மாற்றாவிட்டால் புண் வரும். தண்டுவடத்தில் நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரெனத் தலை வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், அது ரத்த அழுத்தம் எகிறுவதாக இருக்கலாம். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியதோ, சிறுநீர் வடியப் பொருத்திய குழாய் மடங்கியதோதான் காரணம். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைப் பார்த்துவிட்டு உடனே கரைக்குத் திரும்பி மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள்.

வெளியே தெரியாத காயங்களும் உண்டு. இன்ஜின் 'டப்' என்று வெடித்தால் சிலருக்கு உடம்பே இறுகிவிடும். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் சிலருக்குப் பொறுக்காது. தலையில் அடிபட்டவருக்குச் சத்தமும் கண் கூசும் வெளிச்சமும் சீக்கிரம் களைப்பைத் தரும். அரை நாள் போதும். ஒருவர் "போதும்" என்றதும் அவரை மட்டும் கரை சேர்க்க இன்னொரு படகு இருந்தால் நல்லது. அப்புறம், போர்க் கதை கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரே சொல்வார்.

கருவிகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒற்றைக் கைக்காரருக்கு கோலைத் தாங்கும் மார்புப் பட்டையோ, நூலைத் தானே சுற்றும் மின்சார ரீலோ. பார்வையில்லாதவருக்குத் தூண்டில் கோல் நுனியில் சின்ன மணி, திசை சொல்லக் கடிகாரமுள் கணக்கு (நேர் எதிரே 12 மணி, வலப்பக்கம் 3 மணி). ஆனால் மணி அடித்ததும் நாலு பேர் பாய்ந்து கோலைப் பிடுங்குகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. மீன் தப்பினால் தப்பட்டும், ரீலைச் சுற்றுவது அவர் கையாகவே இருக்கட்டும்.

கடைசியாக, மேடை, சால்வை, பேச்சு. தூண்டில் போட வந்தவரை வெயிலில் நிறுத்தி 'நாயகன்' பட்டம் சூட்டினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் இன்னும் நாலு வீச்சு வீசலாம்.