நாயோடு கோட்டை இடிபாடு பார்க்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் இங்கிலாந்தின் டோர்செட்டில் உள்ள கோர்ஃப் கோட்டையில் ஓர் இளம் தம்பதியைப் பார்த்தேன். பேச்சில் தமிழர் என்று தெரிந்தது. அவர்களுடைய ஆறேழு மாத நாய்க்குட்டி, இடிந்த சுவரின் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "தம்பி, கயிறைச் சுருக்கிப் பிடிங்க" என்றேன். "இவன் ரொம்ப சமத்துங்க அண்ணா, குதிக்க மாட்டான்" என்றார். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர், கழிவுப் பை, துடைக்கத் துண்டு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியாததில்லை. பலரும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நீளும் கயிறு

பொத்தானை விட்டால் ஐந்து மீட்டர், எட்டு மீட்டர் வரை ஓடும் கயிறு இருக்கிறதே, அதைக் கோட்டைக்குக் கொண்டுவரவே கூடாது.

காரணம் கோட்டையின் கதையிலேயே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற மேரி பேங்க்ஸ் சீமாட்டி இந்தக் கோட்டையைக் காத்து நின்றார். 1646இல் உள்ளே இருந்தவனே காட்டிக்கொடுத்ததால் கோட்டை விழுந்தது. இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று நாடாளுமன்றத் தரப்பு சுவர்களின் அடியைத் தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. தென்மேற்கு வாயிலின் ஒரு பாதி அப்படியே சரிவில் இறங்கி இன்றும் நிற்கிறது. தானாக இடிந்த சுவர் இல்லை இது. ஓரிடத்தில் வானளவு, அடுத்த இடத்தில் முழங்காலளவு. உள்பக்கம் முழங்கால் உயரமே இருக்கும் சுவருக்கு வெளிப்பக்கம் குன்றின் சரிவு.

நமக்கு அது தெரியும், நாய்க்குத் தெரியாது. அதன் கண் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒரு குட்டைச் சுவரும் அதற்கு மேலே வானமும்தான். வீட்டுத் தோட்டத்துச் சுவரைத் தாண்டுகிற மாதிரி தாண்டிவிடும். சமத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் நாய் மணிக்கு இரண்டு வயது. சுவர் இடுக்குகளில் ஜாக்டா காக்கைகள் நிறைய இருக்கும். ஒன்று மணியின் மூக்குக்கு எதிரே எழுந்து பறந்தது. நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், கட்டைவிரல் பொத்தானில் இல்லை. கைப்பிடிக்குள்ளே 'விர்ர்' என்று கயிறு ஓடும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் மணி சுவருக்கு அந்தப் பக்கம். கயிற்றைக் கையால் பிடித்தேன், உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. மாட்டியிருந்தது கழுத்துப் பட்டை. ஒரு கணம் அதிலேயே தொங்கினான். பிறகு பட்டை தலை வழியாக உருவிக்கொண்டது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு புல் திட்டு இருந்ததால் உயிர் பிழைத்தான். முன்னங்கால் இரண்டு இடத்தில் முறிந்து, உலோகத் தகடு வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் பவுண்டு, இரண்டு வருடத் தவணை. குளிர்காலம் வந்தால் இன்றும் அந்தக் காலைத் தூக்கித் தூக்கித்தான் நடக்கிறான்.

இத்தனைக்கும் கோட்டையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் குட்டைக் கயிற்றில் கட்டித்தான் கூட்டிவரச் சொல்கிறது. அந்த நீளும் கயிற்றைப் பூட்டிவைத்தால் குட்டைக் கயிறுதானே என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒரு கட்டைவிரலை நம்பி நாயின் உயிரை விடாதீர்கள்!

நீளாத கயிறு, இரண்டு மீட்டருக்குள். கழுத்தில் மாட்டாமல் மார்பைச் சுற்றும் ஹார்னெஸில் மாட்டுங்கள், முதுகில் கைப்பிடி உள்ளதாக இருந்தால் நல்லது. சுவரோரம் நடக்கும்போது சுவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். நின்று பார்க்க வேண்டுமானால் முதுகுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். படம் கீழே, வெளிமுற்றத்துப் புல்வெளியில் எடுக்கலாம். பின்னணியில் கோட்டை முழுதாகத் தெரிவதும் அங்கேதான்.

மழைக்குப் பின் இறங்குவது

ஏறும்போது ஒன்றும் தெரியாது. பர்பெக் சுண்ணாம்புக்கல் பல தலைமுறைக் கால்கள் பட்டு வழுவழுப்பாகிவிட்டது. இறக்கத்தில் நாய் முன்னே இழுத்தால் விழுவது நீங்கள்தான். புல் பக்கமாக இறங்குங்கள்.

காரில் விட்டுவிட்டுப் போவது

கூடாது. வெளியே 22 டிகிரி என்றால் ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 டிகிரி வரை போகும்.

ஆடுகள் இருக்கும் இடத்தில் அவிழ்ப்பது

கோட்டையைப் பார்த்துவிட்டுக் குன்றுப் பக்கம் நடப்பவர்கள் கவனிக்க. எவரும் பாதையை விட்டும் நடக்க உரிமையுள்ள 'ஓபன் ஆக்சஸ்' நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் வைத்திருப்பது சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. ஆடுமாடு அருகில் இருந்தால் வருடம் முழுவதும் அப்படித்தான்.

ஊருக்குப் போகும்போது செஞ்சியிலும் இப்படிப் போகலாம் என்று நினைப்பது

முடியாது. இந்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவர 1959ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் படுக்கவிடுவது

உண்ணி பாருங்கள். காது மடலுக்குள், அக்குளில், கால்விரல் இடுக்கில் விரலால் தடவினால் சின்ன மிளகு மாதிரி தட்டுப்படும். எண்ணெய் ஊற்றாதீர்கள், நெருப்பு காட்டாதீர்கள். உண்ணி எடுக்கும் கொக்கி மருந்துக்கடையிலும் கிடைக்கும். தோலோடு ஒட்டி நுழைத்து, மெல்லத் திருகி, தலையோடு எடுங்கள். உண்ணி கடித்தால் வரும் லைம் நோய் மனிதருக்கும் வருவதால் உங்கள் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.