ஆஸ்பத்திரி பில்லுக்கு விபத்து வழக்குப் போடுவது பேராசை இல்லை: போடுவது எப்படி?

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடியற்காலையில் எக்ஸ்எல் வண்டியில் மீன் பெட்டி கட்டிப் போன என் மச்சானை ஒரு கார் இடித்தது. தொடை எலும்பு முறிந்து மதுரை வரை தூக்கிக்கொண்டு ஓடினோம். வழக்குப் போடலாம் என்றதும் சொந்தக்காரர்களே, "உயிர் பிழைச்சதே பெருசு, இதுல காசு பார்க்கணுமா?" என்றார்கள். அக்காவின் நகையை அடகு வைத்துக் கட்டிய பில்லைக் கேட்பது காசு பார்ப்பதா? மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடிபடுகிற அடுத்தவருக்கு நஷ்டஈடு கொடுக்கிற இன்சூரன்ஸ்) இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதே அடிபட்டவருக்காகத்தான். பொய்க் கணக்கு காட்டினால்தான் தப்பு.

சரி, வேலை ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடும். அவசரப் பிரிவில் நாம் சொல்வதைத்தான் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். பதற்றத்தில் கூட வந்த யாராவது "வண்டியில இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டால் போச்சு, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கார் இடிக்கவே இல்லை என்று காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் வாதாடுவார். எது இடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலையும் கையோடு வாங்குங்கள்.

அப்புறம் பில். மருந்துக்கடை மெஷினில் வருகிற வழவழப்புத் தாள் நம் ஊர் வெக்கையில் சில மாதத்தில் வெளுத்துவிடும். மச்சானுடைய பில்லில் நாலைந்து, கடைப் பெயர்கூடத் தெரியாத வெள்ளைத் தாளாகிவிட்டது. அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்து, டாக்டர் சீட்டோடு பின் அடித்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கழிந்ததைச் சேர்க்காதீர்கள், கையிலிருந்து கட்டியது மட்டும். ஆம்புலன்ஸ் வாடகை, துணைக்கு இருந்தவர் செலவு, படுத்திருந்த நாள் கூலி இவற்றையும் கேட்கலாம். கூலிக்கு ஆதாரமாக, மீன் ஏலத்தில் கொடுக்கிற சீட்டு, நல வாரிய அட்டை எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

நஷ்டஈடு கேட்கிற மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் என்றால் இங்கேயே போடலாம். கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று பேசுகிற வக்கீலிடம் கையெழுத்துப் போடாதீர்கள், பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கேட்கலாம்.