துணிக்கை உணரி வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் விடும் பிழைகள்

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் கல்லடியிலோ வந்தாறுமூலையிலோ யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "அண்ணா, செர்னில் வேலை செய்ய என்ன படிக்க வேணும்?" செர்ன் என்றால் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள துணிக்கைப் பௌதிக ஆய்வுகூடம்; அணுவைவிடச் சிறிய துணிக்கைகளைப் பிடித்துக்காட்டும் கருவிதான் துணிக்கை உணரி. கேட்கிற பிள்ளைக்கு ஹிக்ஸ் துணிக்கை, பெருவெடிப்பு எல்லாம் யூடியூப்பில் பார்த்து அத்துப்படி. நுண்மானித் திருகுக்கணிச்சியைக் கடைசியாக எப்போது கையில் எடுத்தாய் என்று கேட்டால் மட்டும் சிரிப்பு வரும். உயர்தரத்தில் செய்முறையைக் கட்டமைப்பு வினாவுக்காக மனப்பாடம் செய்வதோடு சரி.

முதல் பிழை அங்கேதான் தொடங்குகிறது. இந்தத் துறையில் கருவி கட்டுவதுதான் பௌதிகவியல். குளேசர் 1952இல், துணிக்கை போன தடத்தைக் குமிழிகளாகக் காட்டும் குமிழி அறையைக் கட்டினார், 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. சார்பாக் 1968இல் வாயுவுக்குள் மெல்லிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டி உணரி செய்தார், 1992இல் அவருக்கும் நோபல். கணக்கில் கெட்டிக்காரராக இருப்பது நல்லதுதான். ஆனால் இந்த வேலையில் பல உணரிகளையும் காந்தங்களையும் கடுங்குளிரில் வைத்துத்தான் ஓட்டுவோம். ஒரு மீற்றர் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் திரவ நைதரசனின் குளிருக்குப் போனால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் சுருங்கும். அதற்கு இடம் விடாமல் வரைபடம் போட்டால் மூட்டு பிளந்து கசியும். றப்பர் வளையமும் அந்தக் குளிரில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஊரில் வெல்டிங் கடையில் நின்று பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

அடுத்தது குளிரைப் பற்றிய பிழை. நமக்குக் குளிர் என்றால் ஐஸ். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ரெஜிபோம் பெட்டியில் மீனை அடுக்கி, ஐஸைக் கொட்டி, மூடியை அழுத்தி ரேப் சுற்றிவிடுவார்கள். மீனுக்கு அது சரி. திரவ நைதரசனை அப்படி மூடினால் பெட்டி குண்டாகிவிடும். அது கொதிப்பது மைனஸ் 196 பாகையில். ஒரு லீற்றர் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லீற்றர் வாயு. வாயு வெளியேற எப்போதும் வழி இருக்க வேண்டும். வழி விட்டால் மட்டும் போதாது. தண்ணீர்க் கிளாஸ் மேசையில் வைத்த கையோடு வியர்க்கிற நம் ஊர்க் காற்றில், பாத்திரத்தின் கழுத்தில் ஈரம் உறைந்து ஐஸ் அடைத்துக்கொள்ளும். யாரும் மூடாமலே மூடிய பாத்திரம்! அதனால்தான் தளர்வான மூடியை வைத்துக் கழுத்தை அடிக்கடி பார்ப்பது.

குளிரைவிட எனக்குப் பயம் மூச்சுத்தான். நைதரசனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நமக்கு மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் காபனீரொட்சைட்டு கூடுவதால் வருவது. ஒட்சிசன் குறைவதை உடல் அவ்வளவாகச் சொல்லித் தராது. ஆவியான நைதரசன் காற்றைத் தள்ளி, சாதாரணமாக 21 வீதம் இருக்கும் ஒட்சிசன் நன்றாக இறங்கினால் ஆள் பேசிக்கொண்டிருந்தபடியே சரிந்துவிடுவார். எனவே சிறிய அறையில் ஊற்ற வேண்டாம், பாத்திரத்தோடு லிப்டில் ஏற வேண்டாம். கையுறை உதறினால் கழன்று விழும்படி தளர்வாக இருக்கட்டும். செருப்போடு ஆய்வுகூடத்துக்குள் போகும் பழக்கத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நைதரசன் கைவந்துவிட்டால் ஈலியமும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. திரவ ஈலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும். வெறும் ஒரு வாற்று வெப்பம் உள்ளே போனாலே மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் ஆவியாகும். அதே வாற்றுக்கு ஒரு லீற்றர் நைதரசன் இரண்டு நாளுக்குக் கிட்டத் தாக்குப்பிடிக்கும். புதியவர்கள் வெப்பமானிக்கு நல்ல தடித்த செப்புக் கம்பி போடுவார்கள். செம்பு மின்னை மட்டுமா கடத்தும்? வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாத மங்கனின் என்ற கலப்புலோகத்தில் மெல்லிய கம்பி போட்டிருந்தால் அந்த ஈலியம் மிஞ்சியிருக்கும். விலையான சாமான் அது.

ஆங்கிலம் சரளமாக வரட்டும், பிறகு விண்ணப்பிப்போம் என்று காத்திருப்பதும் பிழைதான். அது வேலையோடு வேலையாக வரும். அதற்குள் சோல்டர் பிடிக்கவும் பைதனில் தரவைக் கீறிப் பார்க்கவும் பழகுங்கள்.

சின்ன இணைப்பை அலட்சியம் செய்வது கடைசி. 2008 செப்டெம்பர் 19இல், துணிக்கைகளை மோதவிடும் செர்னின் பெரிய மோதுவி ஓடத் தொடங்கி ஒன்பதாம் நாள், இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஒரு மின் இணைப்பு பழுதாகி, காந்தங்களைக் குளிர்விக்கும் ஈலியம் தொன் கணக்கில் வெளியேறியது. மீண்டும் துணிக்கைக் கற்றை ஓட 2009 நவம்பர் ஆனது. 2011இல் நியூத்திரினோ என்ற துணிக்கை ஒளியை முந்திவிட்டது என்று உலகமே பரபரத்ததே, அது 60 நனோ செக்கன் முந்தி வந்ததாக ஒபரா ஆய்வுக் குழு அளந்ததற்கு முக்கிய காரணம் சரியாகப் பூட்டப்படாத ஓர் ஒளிநார் கேபிள்.

எனவே குறிப்புக் கொப்பி. நேரம், அழுத்தம், எந்த வால்வை யார் திறந்தது, எந்தக் கேபிளைக் கழற்றிப் பூட்டியது, வெளியே மழையா. மழை எதற்கு என்று கேட்காதீர்கள். மாரியில் காற்றின் ஈரம் கூடினால் உயர் வோல்ற்றளவு இணைப்புகளில் கசிவோட்டமும் கூடும். உணரி பழுது என்று இரண்டு நாள் கழற்றிப் பூட்டிய பிறகு, கொப்பியில் "மழை" என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள்.