37 டிகிரியில் வளர்ந்த காலனியை உடனே நம்பாதீர்கள்

ரொட்டி ஈஸ்டில் சிடிசி28 மரபணு வேலை செய்யாவிட்டால் செல் பிரியாது. 1980-ல் கிம் நாஸ்மித்தும் ஸ்டீவன் ரீடும் அதைப் பிரித்தெடுத்த வழியைத்தான் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். குறையுள்ள செல்லுக்கு நல்ல மரபணுவைக் கொடு, பிழைத்து வருவதைப் பிடி.

முதலில், சிடிசி28 மரபணு பழுதாகி 37 டிகிரி தாங்காத ஈஸ்ட் வேண்டும். லூசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்கவும் அதற்குத் தெரியக்கூடாது. அப்புறம், நல்ல ஈஸ்டின் டிஎன்ஏவைத் துண்டுகளாக்கி, லூசின் தயாரிக்கும் மரபணுவுள்ள பிளாஸ்மிடில் (செல்லுக்குள் தனியாகப் பெருகும் டிஎன்ஏ வளையம்) ஏற்றிய ஜீன் லைப்ரரி, அதாவது அந்தத் துண்டுகளின் தொகுப்பு. துண்டுகள் 10 கிலோபேஸ் (10,000 டிஎன்ஏ எழுத்து) நீளம் என்றால் சுமார் 5,500 காலனிகளை (ஒவ்வொன்றும் ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) பார்த்தால்தான் நம் மரபணு சிக்க 99 சதவீத வாய்ப்பு.

25 டிகிரியில் வளர்ந்த செல்களோடு லித்தியம் அசிடேட், பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்), கொதிக்கவைத்து ஐஸில் வைத்த சால்மன் டிஎன்ஏ, லைப்ரரி டிஎன்ஏ எல்லாம் சேர்த்து 42 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். லூசின் இல்லாத தட்டில் (பிளாஸ்மிட் ஏறிய செல்தான் அதில் வளரும்) பரப்பி 25 டிகிரியில் காலனி வரும்வரை பொறுங்கள். பிறகு வெல்வெட் துணியால் ஒற்றியெடுத்து, புதுத்தட்டை 37-ல் வையுங்கள்.

இன்குபேட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒருமுறை தட்டு முழுக்க மங்கலாகப் படர்ந்தது. உள்ளே தண்ணீர்க் குடுவையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 34. ஒரு வாரம் வீண்.

பிழைக்காத செல்களையும் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மொட்டே இல்லாமல், ஒரு பக்கம் நீண்டு பேரிக்காய் போலப் பெருத்திருக்கும். வளர்ச்சி நிற்கவில்லை, பிரிவது மட்டும் நின்றுவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

சரி, 37-ல் சில காலனிகள் வந்துவிட்டன. அவற்றில் மரபணுப் பழுது தானாகவே சரியாகிப் பழைய நிலைக்குத் திரும்பியவையும் இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் லூசின் உள்ள ஊடகத்தில், 25 டிகிரியில் வளர்த்து, பிளாஸ்மிடைத் தொலைக்க விடுங்கள். தொலைத்த செல் மறுபடி 37-ல் சாக வேண்டும். சாகாவிட்டால் அந்தக் காலனியைத் தூக்கிப்போடுங்கள்.

தேறியவற்றின் பிளாஸ்மிடை ஈ.கோலை பாக்டீரியாவில் பெருக்கி, திரும்பவும் அதே ஈஸ்டில் ஏற்றிச் சரிபாருங்கள். அப்போதும் அது வேறு மரபணுவாக இருக்கலாம். ஒரே செல்லில் பல பிரதிகளாக இருந்தால் சில மரபணுக்கள் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். சிஎல்என்1, சிஎல்என்2 இரண்டும் 1989-ல் அப்படித்தான் சிக்கின. துண்டை, செல்லில் ஒரே பிரதியாக இருக்கும் சென்ட்ரோமியர் பிளாஸ்மிடுக்கு மாற்றிப் பாருங்கள், வரிசையையும் படியுங்கள். சிடிசி28 என்றால் 298 அமினோ அமிலங்களுக்கான குறியீடு அதில் இருக்கும்.