ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

வயதான காலத்தில் வரும் மாகுலா சிதைவு, விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் பிடிக்கும். ஓரப்பார்வை அப்படியே இருக்கும். எதிரில் நிற்பவரின் முகமும் படிக்கிற எழுத்தும் மங்கும். ஒரு கண்ணில் தொடங்கினால் இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். அதனால்தான் பலருக்குத் தாமதமாகத் தெரிகிறது.

இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்கள் வாரம் ஒருமுறை, கண்ணாடி போடுபவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே, ஒரு கண்ணைக் கையால் மூடி, கதவு நிலையையோ தரை ஓட்டின் கோடுகளையோ பாருங்கள். அப்புறம் மறு கண். நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால், நடுவில் திட்டாக மறைத்தால், கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று தள்ளிப்போடாமல் ஓரிரு நாளுக்குள் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். விழித்திரைக்கு அடியில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகிற ஈரவகைச் சிதைவில், கண்ணுக்குள் போடும் ஊசி, சீக்கிரம் தொடங்கினால்தான் பார்வையைக் காக்கும்.

புகைப்பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். நம் கையில் இருப்பதில் இதுதான் பெரியது. கீரை, மீன், வெயிலில் கறுப்புக்கண்ணாடி எல்லாம் நல்லதுதான். கண் சத்து மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள். நோய் நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்குத்தான் அது பலன் தரும். அதிலும் பீட்டா கரோட்டின் சேர்ந்தது புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.