பத்தாயிரம் பாட்டுக்கு மேல் இருந்தால் எந்தப் பிளேயர்?

கணினியில் ஐந்நூறு பாட்டு இருக்கும்வரை எந்த மியூசிக் பிளேயரும் நல்ல பிளேயர்தான். பத்தாயிரத்தைத் தாண்டிய பிறகுதான் ஆறு துண்டாகச் சிதறிய ஆல்பமும், டிரைவ் எழுத்து மாறியதும் செத்துப்போன பிளேலிஸ்டும் தலைகாட்டும். ஆல்பம் சிதறுவது பெரும்பாலும் பிளேயரின் குறையல்ல, கோப்புக்குள் இருக்கும் டேக்கின் (பாட்டு, பாடகர், ஆல்பம் போன்ற விவரக் குறிப்பின்) குறை. பிளேயரை நாளைக்கே மாற்றிவிடலாம். டேக் கோப்போடு கூடவே வரும். ஆகவே வேலையை அங்கே தொடங்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம். ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருந்து இந்தக் கட்டம் காலியாக இருந்தால், பல பிளேயர்கள் ஒரே ஆல்பத்தை ஆறாகக் காட்டும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரை, இசையமைப்பாளர் பெயரையோ 'பலர்' என்றோ, இட்டால் ஒன்றுசேர்ந்துவிடும். இரண்டு டிஸ்க் உள்ள ஆல்பத்தில் டிஸ்க் எண் விடுபட்டிருந்தால் இரண்டு முதல் பாட்டு, இரண்டு இரண்டாம் பாட்டு என்று வரிசை குழம்பும். விண்டோஸில் டேக்கைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருள் போதும்: ஃபோல்டரைத் திறந்து, எல்லாக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, இடப்பக்கக் கட்டத்தில் ஒருமுறை எழுதிச் சேமியுங்கள்.

டேக்கே இல்லாத கோப்புகளுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒலியைக் கொண்டே பாட்டை அடையாளம் காணும். ஆனால் 5,000 கோப்பை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். ஒரே பாட்டு பல வெளியீடுகளில் இருப்பதால், உங்கள் ஒரு ஆல்பத்தின் பாட்டுகளை நான்கைந்து ஆல்பங்களுக்குப் பங்குபோட்டுவிடும். பத்துப் பத்து ஆல்பமாகப் போனால் தவறு கண்ணில் படும்.

தமிழில் எழுதிய பெயர் கிறுக்கலாகத் தெரிந்தால், கோப்பில் எம்பி3க்கான டேக் முறையான ஐடி3யின் பழைய முதல் பதிப்பு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் தலைப்புக்கு 30 பைட்தான், யூனிகோடுக்கு வழியில்லை. எம்பி3டேக்கின் அமைப்புகளில் ஐடி3 2.3, யூடிஎஃப்-16 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் ஒரு முறை) என்று வைத்துக்கொண்டு பெயர்களைத் திரும்ப எழுதினால் பழைய கருவிகளும் படிக்கும். ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதன் டேக் எப்போதும் யூடிஎஃப்-8, அதுவும் யூனிகோடுதான்.

இனி பிளேயரைச் சோதிப்போம். முழுத் தொகுப்பையும் புதுப் பிளேயரிடம் கொடுக்காதீர்கள். கோப்புகளைத் தானே பெயர் மாற்றி, இடம் மாற்றி அடுக்கும் வசதி சிலவற்றில் உண்டு. அது தெரியாமல் இயங்கிவிட்டால் பல வருட உழைப்பு ஒரே இரவில் கலையும். சுமார் 300 பாட்டைத் தனி ஃபோல்டருக்கு நகலெடுங்கள், வேண்டுமென்றே சிக்கலானவையாக: பலர் பாடிய ஆல்பம், இரண்டு டிஸ்க் ஆல்பம், ஒரே பெயருள்ள இரு வேறு ஆல்பங்கள், இடைவெளியின்றி ஓடும் நேரடிக் கச்சேரி, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக், தமிழ்ப் பெயருள்ள கோப்புகள்.

கச்சேரிப் பதிவை ஓடவிட்டு, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். எம்பி3யில் குறியேற்றும்போதே முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் என்ற குறியேற்றி அந்த மௌனத்தின் அளவைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைக்கிறது. நல்ல பிளேயர் அதைப் படித்து வெட்டிவிடும். ஃப்ளாக்கில் அப்படி ஒட்டுவதே இல்லை, அதிலும் இடைவெளி கேட்டால் குற்றம் பிளேயருடையது. விஎல்சியின் 3.0 வரிசை இங்கேதான் தோற்கிறது. எந்தக் கோப்பையும் திறக்கும் அருமையான கருவி அது, இசை நூலகத்துக்கு ஏற்றதல்ல.

அடுத்து ஒரு பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பிளேயரை மூடுங்கள். அந்தக் கோப்பை எம்பி3டேக்கில் தேர்ந்தெடுத்து Alt+T அழுத்தினால் எல்லா டேக்கும் விரியும். மதிப்பீடு அங்கே இல்லையென்றால் அது பிளேயரின் தரவுத்தளத்தில் மட்டும் கிடக்கிறது. கணினி போனால் அதுவும் போகும். கோப்புக்குள் எழுதும் விருப்பத்தேர்வைத் தேடி இயக்குங்கள், இல்லாவிட்டால் தரவுத்தளத்தையும் பேக்கப்பில் சேருங்கள். இந்தச் சோதனையில் தோற்கும் பிளேயரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸில் என் முதல் தேர்வு ஃபூபார்2000. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு 64 பிட்டிலும் கிடைக்கிறது, பெரிய நூலகத்தை இலகுவாகத் தாங்குகிறது. தோற்றம் வெறுமையாக இருக்கும். அதை உங்களுக்கேற்ப அமைக்க ஒரு மாலைப்பொழுது ஒதுக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு மியூசிக்பீ, நிறுவியவுடன் பயன்படும். லினக்ஸில் ஸ்ட்ராபெரி, க்ளெமென்டைன் என்ற பிளேயரிலிருந்து கிளைத்தது, மற்ற இயங்குதளங்களிலும் ஓடும்.

வீட்டில் பல கருவிகளில் கேட்பதென்றால் பிளேயருக்குப் பதில் சர்வர் வைப்பதே சரி. நாவிட்ரோம் என்ற இசை சர்வர் மென்பொருள் ராஸ்பெரி பை அளவுள்ள சிறு கணினியிலும் ஓடும். இசை ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்துக் கொடுங்கள், கோப்புக்கு ஆபத்தில்லை. பிறகு பிரவுசரில் அந்தக் கணினியின் முகவரியுடன் 4533 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறக்கலாம். சப்சோனிக் என்ற இசை சர்வரின் இணைப்பு முறையைப் பின்பற்றும் கைபேசிச் செயலிகளும் இணையும். பாட்டுகள் நெட்வொர்க் டிரைவில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: லினக்ஸில் கோப்பு மாறியதைச் சொல்லும் ஐநோட்டிஃபை அறிவிப்பு, வேறு கணினி செய்த மாற்றத்தை நெட்வொர்க் வழியே தெரிவிக்காது. புதிதாகப் போட்ட ஆல்பம் தெரியவில்லை என்ற புகாருக்கு இதுவே வழக்கமான காரணம். மணிக்கொருமுறை ஸ்கேன் செய்யும்படி நேரம் குறித்துவிடுங்கள்.

இட அளவையும் கணக்கிடுங்கள். சிடி தரத்தில் நாலரை நிமிடப் பாட்டு ஃப்ளாக்கில் ஏறத்தாழ 28 எம்பி, பத்தாயிரத்துக்கு 280 ஜிபி. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 110 ஜிபிக்குள். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் 2 எம்பி அட்டைப்படம் பதித்தால் அதற்கே 20 ஜிபி. 600 பிக்சல் போதும், அல்லது ஃபோல்டருக்கு ஒரே ஒரு படம்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்கினால், அதைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் ஸ்கேன் ஓட்டுங்கள். ஒலியைத் தொடாமல், ஏற்ற இறக்க அளவை டேக்காக மட்டும் எழுதச் சொல்லுங்கள். முழு ஆல்பமாகக் கேட்கும்போது ஆல்பம் அளவு, கலந்து கேட்கும்போது டிராக் அளவு.

பிளேலிஸ்டை எம்3யு8 கோப்பாகவும் (பாட்டுகளின் பாதையைப் பட்டியலிடும் எளிய எழுத்துக் கோப்பு) ஏற்றுமதி செய்து வையுங்கள், பாதையில் டிரைவ் எழுத்து இல்லாமல். அந்தக் கோப்பை இசை ஃபோல்டருக்குள்ளேயே வைத்தால், டிஸ்க்கை எந்தக் கணினியில் செருகினாலும் பாட்டுகளைக் கண்டுபிடிக்கும்.